துறைமுகப் படமும் துரைமார் கணக்கும்

எல்லவில் கூட்டமொன்றை ஒழுங்கு செய்யச் சென்றவன், மழைக்கு ஒதுங்கி ஓர் உல்லாச விடுதியினுள் நுழைந்தேன். சுவரிலே பழைய அச்சுப் படமொன்றின் பிரதி பொன்னிறச் சட்டத்துள் தொங்கிற்று. பச்சை மலைச் சரிவு, கீழே சமவெளி, அப்பால் நகரம், அதையொட்டித் துறைமுகம். “பழைய காலித் துறைமுகம், ஐயா” என்றார் விடுதிக்காரர். படத்தின் அடியிலோ கிங்ஸ்டன், போர்ட் ராயல் என்ற பெயர்கள் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தன. அது காலியன்று, மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த யமேக்காவின் துறைமுகம். சுட்டிக் காட்டினேன். “எதுவாயிருந்தாலென்ன, பழைய தோட்டத்துத் தோற்றந்தானே! வெள்ளைக்காரருக்குப் பிடிக்கிறது” என்றார்.

அவர் அறியாமற் சொன்ன வார்த்தை எவ்வளவு உண்மை!

அப்படத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஹேக்வில் என்னும் ஆங்கிலேயர். 1820 இலும் 1821 இலும் யமேக்காவில் தங்கி வரைந்த காட்சிகளை, வர்ணந் தீட்டிய செப்புத் தகட்டு அச்சுக்களாக 1825 இல் இலண்டனில் வெளியிட்டார். நூலை எவருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? மேற்கிந்தியத் தீவுகளில் தோட்டமுடைய பிரபுக்களுக்கும் கனவான்களுக்கும்! அன்று அத்தீவில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆபிரிக்கர் அடிமைகளாய்க் கரும்புத் தோட்டங்களில் உழன்றனர். அவர்களின் வியர்வையே சீனி மூட்டையாகி அத்துறைமுகத்திலே கப்பலேறிற்று. படத்திலே சாட்டை உண்டா? ஆளை விற்ற ஏலக் கூடம் உண்டா? அழகு உண்டு, அமைதி உண்டு, துரைமார் வீட்டுச் சுவருக்கு வேண்டியது அவ்வளவே.

கலை வேறு, அரசியல் வேறு என்று நம் படித்த நண்பர்கள் கூறுவர். அங்ஙனமாயின் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவோம். 1833 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டு கோடி பவுண் நட்டஈடு ஒதுக்கப்பட்டது. எவருக்கு? அடிபட்டவனுக்கா? இல்லை, அடித்தவனுக்கு! தன் ‘சொத்தை’ இழந்த ஆண்டைக்கு முழுப் பணம். பரம்பரை பரம்பரையாய் உழைத்தவனுக்கு ஒரு சல்லியுமில்லை. மேலும் 1838 வரை ‘பயிற்சித் தொழிலாளி’ என்ற புதுப் பெயரில் அதே ஆண்டையிடம் அவன் கட்டுண்டு கிடந்தான். அந்த நட்டஈட்டுக்காக அரசு வாங்கிய கடனின் கடைசி மீதி 2015 இல்தான் அடைபட்டதென்றால் நம்ப முடிகிறதா?

இதற்கும் ஊவா மலைக்கும் என்ன தொடர்பு? உண்டு. அடிமை முறை ஒழிய, யமேக்காவின் கோப்பி வீழ்ந்தது. 1835 இல் கோப்பித் தீர்வை சமப்படுத்தப்பட, முதலாளிகளின் கண் இலங்கை மலைகளின் மீது விழுந்தது. யமேக்காவிலே தொழில் பழகிய றொபேர்ட் போய்ட் டைட்லர் 1837 இல் இங்கு வந்து மேற்கிந்தியப் பயிர்ச்செய்கை முறையைப் புகுத்தினார். 1840 இன் முடிக்குரிய காணிச் சட்டம் கண்டிச் சிங்கள விவசாயியின் காட்டையும் சேனையையும் அரசுடைமையாக்கித் தோட்டக்காரனுக்கு வழிவிட்டது. அந்த விவசாயி நமக்குப் பகைவனல்லன். அவனும் அதே கணக்கில் இழந்தவன். ஆள் வேண்டுமே! தமிழகத்தின் பஞ்சம் ஆளைத் தந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வாந்திபேதியில் வழிநெடுக மடிந்தவர் எத்தனை பேர்! சாமுவேல் டானியல் 1808 இல் வெளியிட்ட இலங்கைக் காட்சிகளிலே திருகோணமலைத் துறைமுகம் அழகாய் விளங்குகிறது. நம்மவர் இறங்கிய கரைக்கு அத்தகைய படமொன்றையும் நான் இதுவரை கண்டதில்லை.

நட்டஈட்டுக் கதை அங்கே முடிந்ததா? 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டன. அப்போதும் நட்டஈடு பெற்றவர் யார்? கம்பனிக்காரர்! கொழுந்து பறித்தவளுக்கு ஒரு பேர்ச் காணியாவது எழுதினார்களா? 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. லயன் காம்பராவும் அதனுடனேயே சென்றது. ஏழு பேர்ச் என்றனர். பின்னர் பத்துப் பேர்ச் என்றனர். கையில் உறுதி பெற்றோர் சிலர், பெறாதோர் பெரும்பாலோர். 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. ஆபத்தான இடமென்று முன்பே எச்சரித்தார்களாம். தனக்கெனக் காணியில்லாதவன் எங்கே போவான்?

விடுதியின் யன்னலூடே பார்த்தேன். மழையில் படங்கைச் சுற்றிக்கொண்டு பெண்கள் கொழுந்து பறித்தனர். உல்லாசப் பிரயாணிகள் அவர்களையும் படம் பிடித்தனர். இருநூறு ஆண்டுக்குப் பின் அப்படமும் ஏதோவொரு சுவரில் தொங்கும். அடியிலே ‘எல்ல’ என்றிருக்கும். பறித்தவளின் பெயர் இராது.

அவர்களுள் ஒருத்தி என் கட்சிக்காரி. கணவன் இறந்ததும் காம்பராவை விடச் சொல்லிக் கடிதம் வந்தது. அவ்விடத்தை விடுதிக்குக் குத்தகைக்குக் கொடுக்கப் போகிறார்களாம். மூன்று தலைமுறையாய் அதே காம்பராவில் வாழ்ந்தவள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினாள். பிறப்புச் சான்றிதழ்கள், சேமலாப நிதி அட்டை, மாரியம்மன் கோவில் திருவிழா வரிச் சீட்டு. “இதில ஏதாவது உதவுமாங்க ஐயா?” என்றாள். உறுதி என்று சட்டம் ஏற்கும் தாள் அதில் ஒன்றுமில்லை.

மலைநாட்டு வாக்கு வேண்டிய காலத்தில் மட்டும் ஊவாவுக்கு வழி தெரிகின்ற நம் தலைவர்களையும், விடுமுறைக்கு எல்லவில் தங்கிச் செல்லும் வைத்தியரையும் பொறியியலாளரையும், என்னைப் போன்ற சட்டத்தரணிகளையும், சொந்தக் காணியிலே உழுது காணியின் அருமை அறிந்த வடக்குக் கிழக்கு விவசாயிகளையும் கேட்கிறேன்: தோட்டத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், கணவன் பெயரில் மட்டுமன்றி மனைவி பெயரிலும், விற்கவும் ஈடுவைக்கவும் மக்களுக்கு எழுதவும் உரிமையுள்ள முழு உறுதி வேண்டுமென்று ஒரு குரலாய்க் கேட்க எது தடை? வீடு தருவது சலுகை; காணி தருவதே உரிமை. வீட்டை மட்டும் கொடுத்து நிலத்தைக் கம்பனியின் குத்தகையில் விட்டுவைக்கும் சூழ்ச்சிக்கு உடன்படாதீர்கள்.

அவளுடைய வழக்கு அடுத்த மாதம் பதுளையில் விளக்கத்துக்கு வருகிறது. நானே தோன்றுகிறேன்.