சுவர் இருந்தால்தானே சித்திரம்!

இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் வீட்டுக்கு வந்தான். அப்பா கட்டிய வீட்டைப் புதுப்பிக்கிறானாம். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுக்கப்போகிறானாம். எஸ்டிமேட்டைக் காட்டினான். மாடுலர் கிச்சன் 3 லட்சம். ஃபால்ஸ் சீலிங் 80 ஆயிரம். “ஸ்ட்ரக்சரல் இன்ஜினியருக்கு எங்கேப்பா?” என்றேன். “அது தண்டச் செலவு சார். மேஸ்திரிக்கு முப்பது வருஷ அனுபவம்” என்றான்.

இதே பதிலை 2016-ல் நானும் சொன்னேன். தெரிந்த இன்ஜினியர் ஒருவர் பார்த்துச் சொல்ல 12 ஆயிரம் கேட்டார். மிச்சம் பிடித்தேன். 9 அங்குலச் சுவரை இடித்த மூன்றாம் நாள் கூரையில் விரிசல். இரவோடு இரவாக முட்டுக் கொடுத்தோம். அதே இன்ஜினியரைக் கெஞ்சி அழைத்து, இரும்பு பீம் வைத்து முடிக்க ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. பணம் போகட்டும். அந்தக் கூரைக்குக் கீழேதான் என் அம்மா படுத்திருந்தார். அதை நினைத்தால் இன்றும் தூக்கம் வராது.

ஒரு கணக்குப் போடுங்கள். 10-க்கு 12 அடி அறை. 5 அங்குலக் கான்கிரீட் கூரை. அதன் எடை மட்டும் சுமார் மூன்றரை டன். மேலே 1000 லிட்டர் டேங்க் நிரம்பினால் இன்னும் ஒரு டன். இவ்வளவையும் தாங்குவது சுவரா, பீமா, பில்லரா? பூச்சுக்கு உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

“அந்தக் காலத்தில் இன்ஜினியரா வந்தார்?” என்பீர்கள். வரவில்லைதான். ஆனால் அன்று கட்டியவருக்கு எதன் மேல் எது நிற்கிறது என்று தெரியும். இன்று இடிப்பவர் வேறு ஆள். மேஸ்திரியை நான் குறை சொல்லவில்லை. நேர்த்தியாகக் கட்டுவது அவர் தொழில். சுமையைக் கணக்கிடுவது வேறு படிப்பு. மருந்துக் கடைக்காரர் அனுபவசாலி என்பதற்காக அவரிடம் ஆபரேஷன் செய்துகொள்வோமா?

உண்மையில் நமக்குப் பணம் இல்லாமல் இல்லை. விருந்தாளி கண்ணில் படுவதற்குத்தான் செலவழிப்போம். பீமை யார் பார்க்கப் போகிறார்கள்!

வெள்ளையடிக்க, டைல்ஸ் மாற்ற இன்ஜினியர் வேண்டாம். சுவரை எடுக்க, மாடி எழுப்ப, படிக்கட்டை இடம் மாற்ற, மொட்டை மாடியில் டேங்க் வைக்க, கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் கூரையைச் சரிசெய்ய, கட்டாயம் வேண்டும். எஸ்டிமேட்டின் முதல் வரியாக அவர் கட்டணத்தை எழுதுங்கள். நேரில் பார்ப்பது, பீம் அளவோடு வரைபடம், இடிக்கும் நாளில் மேற்பார்வை, மூன்றுக்கும் சேர்த்துப் பேசுங்கள். அவர் சொல்லும் வேலைக்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுப்பது அதன் பிறகுதான். கை கடித்தால் ஃபால்ஸ் சீலிங்கை அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம்.

வந்தவன் யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறான். தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். சுவரில் கை வைக்கும் முன் எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்