பறப்பது ஒரு மணி, பயணம் ஒரு நாள்

"திருச்சிக்குப் பிளேனில் எவ்வளவு நேரம்?" எங்கள் டிவிஷன் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பதில் நியாயம் உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலும் குடும்பங்கள் பிரிந்தன. அக்கா அங்கே, தங்கச்சி இங்கே என்றானது. அன்று போனவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். யுத்தத்தால் அந்தக் கப்பலும் 1980களில் நின்றது. இன்று அவசரமென்றால் ஆகாய வழிதான்.

கட்டுநாயக்காவிலிருந்து திருச்சி நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீற்றர். பறக்க ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். 2025 மார்ச்சில் பலாலியிலிருந்தும் திருச்சிக்கு விமானம் தொடங்கியது. அந்தத் தூரம் சுமார் 185 கிலோமீற்றர்தான். ஆனாலும் நேரம் பாதியாகவில்லை, அதுவும் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலமே. காரணம், அது விசிறி பூட்டிய சிறிய விமானம். மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான் போகும். பெரிய ஜெட் விமானம் 800ஐத் தாண்டும். ஓடுபாதையில் ஊரவும், மேலே ஏறவும், கீழே இறங்கவும் எந்தத் தூரமானாலும் நேரம் வேண்டும் அல்லவா?

நம் கணக்கோ லயத்து வாசலில் தொடங்க வேண்டும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஒரு மணி. இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் மூன்று மணி. கட்டுநாயக்காவுக்கு இன்னும் ஒரு மணி. விமானத்துக்கு மூன்று மணி முன்னதாகவே அங்கே நிற்க வேண்டும். பறப்பது ஒரு மணி. அந்தப் பக்கம் குடிவரவுச் சோதனை, பெட்டி எடுப்பது, கிராமத்து பஸ் என்று மூன்று மணி. கூட்டிப் பாருங்கள், பன்னிரண்டு. யாழ்ப்பாணம் வழியாகப் போனால் ஓர் இரவு பஸ் பயணமும் சேரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. என் பெரியம்மா புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தவறிய செய்தி மாலையில் வந்தது. அம்மாவிடம் கடவுச்சீட்டு இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். அதைத் திருத்தவே மாதங்கள் பிடித்தன. கூடப்பிறந்தவளின் முகத்தை அம்மா கைத்தொலைபேசியில்தான் கடைசியாகப் பார்த்தார். ஒரு மணித்தியாலத் தூரம் அவருக்கு எட்டவே இல்லை.

ஆகவே சகோதரிகளே, டிக்கட் விலை விசாரிக்கும் முன் பெட்டியிலுள்ள பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். பெயரும் பிறந்த திகதியும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் உள்ளனவா? இல்லையென்றால் கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தையும் இப்போதே அணுகுங்கள். இந்திய விசாவும் தேவை என்பதை மறக்காதீர்கள்.

டிக்கட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊர் நேரமே. 2006 ஏப்ரல் முதல் நமக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். அங்கே வேலை செய்யும் மகளுக்குப் பேசும்போதும் இது உதவும்.

கொழுந்துக்கோ பால்வெட்டுக்கோ போகாத ஒரு நாளை இந்த மாதமே பத்திர வேலைக்கு ஒதுக்குங்கள். சாவும் சுகவீனமும் நாள் சொல்லி வருவதில்லை.