எடைக்குப் போடும் முன்...



மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னபோது கவிதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மனசில் கிடந்தது வேறு விஷயம். அதனால் அதையே எழுதிவிடுகிறேன்.

என் அப்பா சென்னையில் மூன்று சக்கர சைக்கிளில் தெருத்தெருவாகப் போய்ப் பழைய பேப்பர் எடுப்பவர். செமஸ்டர் முடிந்தால் போதும், மூட்டை மூட்டையாகப் பாடப் புத்தகம் எடைக்கு வரும். கிலோ பத்து ரூபாய். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கெட்டி அட்டையைக் கிழித்துத் தனியாகப் போடுவார், தாளைத் தனியாகக் கட்டுவார். நான் டிப்ளமோ சேர்ந்த பிறகு ஒரு புதுப் பழக்கம். மோட்டார் படமோ ஒயர் படமோ கண்ணில் பட்டால் கிழிக்காமல் எடுத்து வைத்து, "இது உனக்கு ஆவுமா பாரு" என்பார்.

இரண்டாம் ஆண்டில் நான் படித்த எலக்ட்ரிகல் மெஷின்ஸ் புத்தகம் அப்படி வந்ததுதான். முதல் பக்கத்தைத் திருப்பினால் நம்ம துறை சீனியர் ஒருவரின் பெயர்! எனக்கு ஒரே ஒரு வருஷம் மூத்தவர். தினமும் அதே வராண்டாவில் நடந்தவர். அவர் கைக்கும் என் கைக்கும் பத்தடி தூரம்கூட இல்லை. ஆனால் அந்தப் புத்தகம் தராசு ஏறி, சாக்கில் கிடந்து, ஊரைச் சுற்றி என்னிடம் வந்தது. அன்றைக்கு அப்பா அந்தத் தெருவுக்குப் போகாமல் இருந்திருந்தால்?

சீனியரைக் குறை சொல்லவில்லை. யாருக்குக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது என்று எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். "புத்தகம் வாங்கக் காசில்லை" என்று வகுப்பில் சொல்ல நாக்கு எழுமா? வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்களுக்கு அந்தக் கூச்சம் புரியும்.

ஆகவே, புத்தகத்தை யாருக்காவது கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. தேவைப்படுகிறவன் கையில் அது சேர வேண்டும். ஒரு முறை நாங்கள் சிலர் கிராமத்து நூலகம் ஒன்றுக்காகப் புத்தகம் சேகரித்தோம். வந்ததில் பாதி என்ன தெரியுமா? எழுதி முடித்த ரெக்கார்டு நோட்டு, பழைய டைரி, நடுப்பக்கம் இல்லாத கைடு! அதற்குப் பெயர் தானமா? வீட்டைக் காலி செய்வது!

சரி, எதை எங்கே கொடுக்கலாம்?

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான பள்ளிப் புத்தகங்களை அரசுப் பள்ளியில் கொடுத்துப் பயனில்லை. அங்கே பிள்ளைகளுக்கு இலவசமாகவே புத்தகம் கிடைக்கிறது. ஆனால் டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிற அண்ணன், அக்காக்கள் அதே புத்தகங்களைத் தேடி அலைகிறார்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள். 2018, 2019-ல் பாடத்திட்டம் மாறியது. எனவே எந்த வருஷப் புத்தகம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கதை, கட்டுரை, பொது அறிவு நூல்களுக்கு உங்கள் பேட்டை கிளை நூலகம் அல்லது அண்ணா சாலையில் உள்ள தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகம். சும்மா கொண்டுபோய் இறக்காமல், முதலில் நூலகரிடம் பட்டியலைக் காட்டுவது மரியாதை. சிறையில் இருப்பவர்களும் வாசகர்களே. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்று அரங்கு வைத்துச் சிறை நூலகங்களுக்காகப் புத்தகம் வாங்கிக்கொண்டது. பரணில் தாத்தா காலத்துத் தமிழ்ப் புத்தகம் கிடந்தால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரிக்காமல் எடைக்குப் போடாதீர்கள். கைச்செலவுக்கு விற்றே ஆகணும் என்றால்கூட, திருவல்லிக்கேணி பாரதி சாலை பழைய புத்தகக் கடைகளுக்குப் போங்கள். அங்கே புத்தகம் புத்தகமாகவே இருக்கும், தேடி வருகிறவனுக்குக் கிடைக்கும்.

நம்ம டிப்ளமோ புத்தகங்களுக்கு? அதற்கு ஏற்ற இடம் நம்ம கல்லூரிதான்! வெளியில் எங்கே கொடுத்தாலும் அது அலமாரியில்தான் தூங்கும். "ஸ்கீம் மாறிப்போச்சே" என்பீர்கள். எம் ஸ்கீம் போய் 2020-ல் என் ஸ்கீம் வந்தது, 2023-ல் புது ரெகுலேஷன் வந்தது, உண்மைதான். ஸ்கீம் மாறலாம், ஓம் விதி மாறுமா? ட்ரான்ஸ்ஃபார்மர் வேறு மாதிரி ஓடுமா? பாடத்தின் பெயர் மாறும், வரிசை மாறும். அடிப்படை அப்படியேதான் இருக்கும்.

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இது. துறைக்கு ஓர் அலமாரி, ஒரு நோட்டு. கடைசித் தேர்வு முடிந்த அன்றே சீனியர்கள் புத்தகத்தையும் மினி டிராஃப்டரையும் அதில் வைக்கட்டும். வேண்டியவர்கள் நோட்டில் பெயர் எழுதி எடுத்துக்கொண்டு, அடுத்த வருஷம் திருப்பி வைக்கட்டும். யாரும் யாரிடமும் ஏழ்மையைச் சொல்லிக் கேட்க வேண்டாம். வருமானச் சான்றிதழ் வேண்டாம். மேடை வைத்துப் போட்டோ எடுக்கவும் வேண்டாம்!

இந்தக் கட்டுரையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "எடைக்குப் போடாதேன்னு எழுதுறியே, என் பொழப்பு என்னாவறது?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பேப்பர், அட்டை, இரும்பு, எவ்வளவோ கிடக்குது. நீ எழுது" என்றார்.

இது என் கடைசி வருஷம். அந்த மெஷின்ஸ் புத்தகத்தில் சீனியர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். அதற்கும் கீழே நிறைய இடம் காலியாக இருக்கிறது. அடுத்த பெயர் யாருடையது? அலமாரியைத் திறந்து வையுங்கள், தானாக வருவான்!

- மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின் மற்றும் மின்னணுவியல் துறை