பெட்டிகளைப் பிணைக்கும் கொழுக்கி

வெள்ளவத்தைப் புகையிரத நிலைய மேடையில் நின்று கடலை நோக்குவோர் பலர். வந்து நிற்கும் வண்டியின் இரு பெட்டிகளுக்கு இடையே குனிந்து நோக்குவோர் மிகச் சிலர். எஞ்சின் இழுத்துச் செல்லும் நமது பெட்டிகளின் முனையில், இருபுறமும் வட்டமான முட்டுத்தாங்கிகள் உள்ளன. ‘பஃபர்’ எனப்படுவன இவையே. நடுவே ஒரு பெரிய கொழுக்கி. அதில் மாட்டித் திருகாணியால் முறுக்கி இறுக்கும் இரும்பு வளையம். பிரித்தானியர் இங்கு கொணர்ந்த இம்முறையில் இழுப்பது கொழுக்கியின் வேலை. முட்டுவதைத் தாங்குவது பஃபரின் வேலை.

பெரிய அளவில் மாதிரிப் புகைவண்டி செய்ய முற்படும் மாணவர்கள், இதே திருகுக் கொழுக்கியைத் தம் வண்டிக்கும் பூட்ட விரும்புவது இயல்பே. மெய்ப்பொருளை அப்படியே ஒத்திருக்க வேண்டும் என்னும் அவா பாராட்டத்தக்கது. ஆயினும் பென்சிலை எடுத்துச் சிறிது கணக்குப் பார்த்தல் நன்று.

பெரிய மாதிரி வண்டிகளுக்குப் பெரும்பாலும் வழங்கும் தண்டவாள இடைவெளி 45 மில்லிமீற்றர். நமது அகலப் பாதையின் இடைவெளியோ 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். ஆகவே, மாதிரி ஏறக்குறைய 37இல் ஒரு பங்கு. மலைநாட்டுப் பாதையில் மிகக் குறுகிய வளைவின் ஆரை 5 சங்கிலி, ஏறத்தாழ 100 மீற்றர். அதனை 37 ஆல் வகுத்தால் 2.7 மீற்றர் வரும். வளைவை முழு வட்டமாக்கினால் அதன் குறுக்களவு ஏறக்குறைய 18 அடி! வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் அதற்கு இடமேது? கடையில் விற்கும் மிகச் சிறிய வளைவின் ஆரையோ 60 சதமமீற்றர் மட்டுமே. அதாவது, மெய்யான வண்டியை 22 மீற்றர் வளைவில் திருப்புவதற்கு ஒப்பாகும். மலைநாட்டு எஞ்சின் சாரதி எவரும் அதனைக் கேட்டால் நகைப்பார்.

அத்தகைய வளைவில் வண்டியைப் பின்னோக்கித் தள்ளினால், உட்புறத்து பஃபர்கள் ஒன்றையொன்று அழுத்தும். ஒன்று நழுவி மற்றதன் பின்னே சிக்கும். பெட்டி தடம் புரளும். ஆகவே, கொழுக்கியைத் தெரிவு செய்யும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி, “எது அழகு?” என்பதன்று, “என் வளைவு எவ்வளவு?” என்பதே.

கூடத்தில் ஓடும் வண்டிக்கு, 1968 இல் ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரில் தோன்றிய எல்.ஜி.பி. வண்டிகளின் வளையமும் கொக்கியும் கொண்ட அமைப்பே உத்தமம். தோற்றத்தில் அது பொம்மைதான். ஆனால், எவ்வளவு குறுகிய வளைவிலும் கைவிடாது. ஒவ்வொரு பெட்டியின் ஒரு முனையில் மட்டும் கொக்கி வைத்தால் கழற்றுவது எளிது. இரு முனைகளிலும் வைத்தால் பிடி உறுதி. தோட்டமும் விரிந்த வளைவும் வாய்த்தவர்கள், அமெரிக்கக் ‘கேடீ’ நிறுவனத்தாரின் முட்டி வடிவக் கொழுக்கியை நாடலாம். (பெயர் தமிழில் நகைப்புக்கு இடமளிக்கிறது; பொருள் நேர்மையானது.) தண்டவாளத்தினிடையே பதித்த காந்தத்தின்மீது நிறுத்தினால், கை படாமலே அது கழலும். ஆனால், எல்லாப் பெட்டிகளிலும் கொழுக்கி ஒரே உயரத்தில் அமையவேண்டும். உயரம் சற்றே பிசகினாலும், தண்டவாளப் பொருத்தில் வண்டி துள்ளும்போது ஒன்று மேலேறி விடுபட்டுவிடும். கொழுக்கியைச் சில்லுச் சட்டத்தில் பூட்டினால் வளைவில் சட்டத்தோடு சேர்ந்து திரும்பும். பெட்டியின் உடலில் பூட்டினால் பின்னோக்கித் தள்ளும்போது தடம் புரளாது. சிறிய வளைவுக்கு முன்னது, பெரிய வளைவுக்குப் பின்னது.

இன்னுமொன்று. தொடரில் எல்லாக் கொழுக்கிக்கும் சுமை ஒன்றன்று. மலைநாட்டில் 44 அடிக்கு ஓர் அடி ஏறும் பாதை உண்டு. 350 தொன் நிறையுள்ள தொடர் அங்கே ஏறுமாயின், உராய்வை நீக்கிப் பார்த்தாலும், எஞ்சினை அடுத்த கொழுக்கி ஏறக்குறைய 8 தொன் இழுவையைத் தாங்கவேண்டும். கடைசிக் கொழுக்கிக்கோ ஒரு பெட்டியின் பாரந்தான். மாதிரியிலும் அப்படியே. கனமான பெட்டிகளை எஞ்சினுக்கு அருகே வையுங்கள். இலேசான பெட்டி முன்னே இருந்தால், வளைவில் அதனை உட்புறமாக இழுத்துக் கவிழ்த்துவிடும்.

அந்த முட்டி வடிவத்தின் வரலாறு விளையாட்டன்று. அமெரிக்காவில் முற்காலத்தில் வளையமும் ஆணியும் கொண்டே பெட்டிகளை இணைத்தனர். நெருங்கிவரும் பெட்டிகளுக்கு நடுவே நின்று, ஒரு தொழிலாளி வளையத்தைக் கையால் பிடித்து வழிகாட்டவேண்டும். விரல் இழந்தோர் எண்ணற்றோர். உயிர் இழந்தோரும் பலர். துணிக்கடையில் எழுத்தராயிருந்த ஈலை ஜானி என்பவர், மரத்தைச் செதுக்கி ஒரு மாதிரி செய்து, 1873 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். உங்கள் இரு கைகளின் நான்கு விரல்களையும் மடக்கி ஒன்றோடொன்று கோத்துப் பாருங்கள்; அதுவே அவர் கண்ட கொழுக்கி. பெட்டிகள் முட்டியதும் தானே பூட்டிக்கொள்ளும். நடுவே ஆள் நிற்க வேண்டுவதில்லை. 1893 இல் அமெரிக்கச் சட்டமன்றம் தானியங்கிக் கொழுக்கியைக் கட்டாயமாக்கியது.

யப்பானியர் செய்த காரியம் இன்னும் வியப்புக்குரியது. புதிய கொழுக்கிகளை முன்கூட்டியே பெட்டிகளின் அடியில் தொங்கவிட்டு வைத்திருந்து, 1925 ஜூலை 17 ஆம் நாள் ஹொன்ஷூத் தீவிலும் 20 ஆம் நாள் கியூஷூத் தீவிலும் பழையவற்றைக் கழற்றி எறிந்து புதியவற்றைப் பூட்டினர். படிப்படியாக மாற்றினால், பழைய கொழுக்கி பூண்ட பெட்டியும் புதியது பூண்டதும் ஒன்றோடொன்று சேரமாட்டா என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். ஐரோப்பாவின் பெரும்பகுதி திருகுக் கொழுக்கியை இன்னும் விடமுடியாதிருப்பதற்கும் இதுவே காரணம். சென்னை பெரம்பூரில் 1955 இல் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, தன் பழைய வகைப் பெட்டிகளைச் செய்வதை 2018 இல் நிறுத்தி, நடுவில் கொழுக்கியுள்ள புதிய வகைக்கு முற்றாக மாறியது.

நம் நாட்டில் எஞ்சின் இழுக்கும் வண்டி திசை மாறவேண்டுமாயின், எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டவேண்டும். அவ்வேளையில் ஒரு தொழிலாளி பஃபர்களுக்குக் கீழே குனிந்து நடுவே புகுகிறார், திருகாணியைத் தளர்த்துகிறார், பாரமான வளையத்தைத் தூக்குகிறார். அடுத்த முறை வண்டி நிற்கும்போது, குழந்தைகளுக்கு அதனைச் சுட்டிக்காட்டுங்கள்.

கண்காட்சி மேசையில் நேர்பாதை மட்டும் போடும் மாணவர்கள், வளைவு இல்லாமையால், திருகுக் கொழுக்கியைத் தாராளமாகப் பூட்டலாம். பார்ப்போருக்கு நம் நாட்டு முறையைக் காட்ட அதுவே ஏற்றது. ஆனால், மாட்டுவதற்கும் கழற்றுவதற்கும் நுனி வளைந்த ஒரு கம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கையில் சிறுவர்களின் விரல் பெட்டிகளுக்கிடையே போகலாகாது.