அட்டப்பாடி மது வழக்கு: தங்களுக்கான வக்கீலைக் கேட்டு ஒரு குடும்பம் ஏன் போராட வேண்டியிருந்தது?

கோவையிலிருந்து ஆனைக்கட்டி வழியாக எல்லையைத் தாண்டினால் அட்டப்பாடி. பாலக்காடு மாவட்டத்தின் பழங்குடிப் பகுதி. 2018 பிப்ரவரி 22 அன்று, கடையில் அரிசி திருடியதாகச் சொல்லி, மது என்ற பழங்குடி இளைஞரைக் காட்டுக்குள் தேடிப் பிடித்தது ஒரு கும்பல். கைகளைக் கட்டி, அடித்து, முக்காலிக்குக் கொண்டுவந்தார்கள். நடுவில் செல்ஃபி வேறு. அந்தப் படம் உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். போலீஸ் வண்டியில் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே மது இறந்துபோனார்.

வீடியோ இருக்கு, பார்த்தவங்க இருக்காங்க, வழக்கு சுலபமா முடிஞ்சிருக்கும்னுதானே நினைக்கிறீங்க?

2022 ஜனவரியில், மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றத்தில் மதுவின் தரப்பில் வாதாட யாரும் வரவில்லை. அரசு சிறப்பு வழக்கறிஞர் எங்கே என்று நீதிமன்றமே கேட்க வேண்டியதாயிற்று. கொலை நடந்து கிட்டத்தட்ட 4 வருஷம்! அதன்பிறகுதான் சி.ராஜேந்திரனும், அவருக்கு உதவியாக ராஜேஷ் எம்.மேனனும் நியமிக்கப்பட்டார்கள்.

விசாரணை தொடங்கியதும் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். ராஜேந்திரனை மாற்றி, மேனனிடம் வழக்கைக் கொடுங்கள் என்றது குடும்பம். அப்படிக் கேட்க முடியுமா? முடியும். வன்கொடுமை தடுப்பு விதிகளின் 4(5) பிரிவுப்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞர் ஒருவரை அரசு தன் செலவில் அமர்த்தலாம். ஆனால், முடிவு அரசின் கையில். அதனால் குடும்பம் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஜூனில் ராஜேந்திரன் விலக, மேனன் பொறுப்பேற்றார்.

அதற்குப் பிறகும் சாட்சிகள் மாறத்தான் செய்தார்கள். ஆனால், இந்த முறை அரசுத் தரப்பு சும்மா இருக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் சாட்சிகளோடு பேசிய போன் விவரங்களைக் காட்டி ஜாமீனை ரத்து செய்யக் கேட்டது. ஆகஸ்டில் 12 பேரின் ஜாமீன் ரத்தானது. சாட்சிகளுக்குப் பாதுகாப்பும் கிடைத்தது. வீடியோவில் இருப்பது தனக்குத் தெரியவில்லை என்றார் ஒரு சாட்சி. நீதிபதி கண் டெஸ்டுக்கு அனுப்பினார், பார்வை நன்றாகவே இருந்தது!

இவ்வளவுக்கும் நடுவில் மேனனுக்குக் கட்டணமே வரவில்லை என்ற புகாரும் எழுந்தது. அரசு வக்கீல் சொந்தக் காசில் கோர்ட்டுக்கு வந்துபோகும் நிலைமை இருந்தால், நல்ல வக்கீல்கள் இப்படிப்பட்ட வழக்குகளுக்கு எப்படி வருவார்கள்?

கடைசியில் 24 சாட்சிகள் பிறழ்ந்தும் வழக்கு விழவில்லை. 2023 ஏப்ரலில் 16 பேரில் 14 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. 13 பேருக்கு 7 ஆண்டு கடுங்காவல், ஒருவருக்கு 3 மாதம். ஆனால், தண்டனை கொலைக் குற்றத்துக்கு அல்ல. கொலையாகாத மரணம் விளைவித்ததற்கு. போதாது என்றார்கள் மதுவின் அம்மாவும் தங்கையும்.

வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனதும் அதே பிரச்சினை திரும்ப வந்தது. குடும்பத்தின் சம்மதம் கேட்காமலே உயர் நீதிமன்றத்துக்குப் புதிய சிறப்பு வழக்கறிஞரை நியமித்தது கேரள அரசு. மதுவின் அம்மா எதிர்ப்புத் தெரிவித்தார். அந்த வக்கீலும் விலகினார்.