முதலில் தட்டியது யார்?

வலதுகை விரலையும் கிதாரின் கழுத்துக்குக் கொண்டுபோய், தந்தியைத் தட்டி வாசிப்பதை முதலில் செய்தவர் யார் என்ற சண்டை ஓயவில்லை. 1978இல் ‘இரப்ஷன்’ வாசித்த எட்டி வான் ஹேலன் என்று ஒரு கட்சி. 1965இலேயே இத்தாலியத் தொலைக்காட்சியில் டாக்டர் கமார்டேஸே தட்டிக் காட்டினார் என்று எதிர்க்கட்சி. ஜிம்மி வெப்ஸ்டரோ 1952இல் இதற்குப் பாடப்புத்தகமே போட்டுவிட்டார். பத்திரப்பதிவு ஆபீசில் தீர்க்க வேண்டிய வழக்கு இது. விமர்சனமல்ல.

தட்டியதில் என்ன வந்தது என்று கேட்பாரில்லை. ‘இரப்ஷன்’ 1 நிமிஷம் 42 விநாடி. நடுவில் குரூட்சரின் பழைய வயலின் பயிற்சி ஒன்றின் துண்டு தலைகாட்டுகிறது. அசாத்தியமான கை, மறுக்கவில்லை. ஆனால் கை புதிதாகிவிட்டதாலேயே காதும் புதிதாகிவிடுமா? (வரியை உடைத்ததற்கே பட்டம் கேட்கும் கவிகளும் இந்தக் கூட்டந்தான்.)

டெரெக் பெய்லியிடம் அப்படிப் பட்டியல் போட அதிகமில்லை. ஹார்மானிக்ஸ், திறந்த தந்தி, பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தீண்டல். எல்லாம் தெரிந்த சமாச்சாரம். நடனக் குழுக்களில் வயிற்றுக்காக வாசித்தவர், அறுபதுகளில் மெட்டையும் தாளக்கட்டையும் உதறினார். உதறியபின் மிஞ்சியதை வைத்து நாற்பது வருஷம் வாசித்தார். கடைசியில் வலதுகை பிக்கைப் பிடிக்க மறுத்தது. அறுவை சிகிச்சை வேண்டாமென்று, கட்டைவிரலால் வாசிக்கப் பழகினார். அந்தப் பழகல் வாரக்கணக்கில் அப்படியே 2005இல் வந்த ‘கார்பல் டனல்’ தட்டில் பதிவாகியிருக்கிறது. விரல் தயங்குவது கேட்கிறது. இதை எந்த உத்தியின் கீழ் பதிவு செய்வார்கள் நம் பத்திர எழுத்தர்கள்?