தொழிலாளர் பெயரால் ஆள்வோரும் தொழிலாளரும்



தொழிலாளர் ஆட்சி எனத் தன்னைப் பறைசாற்றிக்கொண்ட ஓர் அரசை எதிர்த்துத் தொழிலாளரே எழுந்தால் அவ்வரசு என்ன செய்யும்? போலந்தில் அது சுட்டது. 1956 சூனில் போசுனான் நகரில் சுட்டது. 1970 திசம்பரில் பால்டிக்குக் கடற்கரைத் துறைமுக நகரங்களில் சுட்டது. செங்கொடி பறந்த நாட்டில் சிவந்தது தொழிலாளர் குருதியால்தான்.

1980 ஆகத்து 14-இல் கதான்சுகு நகரின் இலெனின் கப்பல் கட்டுந்துறை வேலையை நிறுத்தியது. பளுதூக்கிப் பொறியை இயக்கிவந்த அன்னா வலந்தினோவிச்சு என்னும் பெண்மணியை, ஓய்வுக்கு ஐந்து திங்களே எஞ்சியிருக்கையில் வேலையினின்று நீக்கியதே உடனடிக் காரணம். மூன்றாம் நாள் தம் துறையின் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன என்று இலேக்கு வலேசா போராட்டத்தை முடித்துவைத்தார். அண்டை ஆலைத் தொழிலாளரை நட்டாற்றில் விட்டுச் செல்வதா எனக் கேட்டு, வீடு திரும்பியோரை வாயிலில் மறித்து நிறுத்தியவர் அன்னாவும் வேறு சில பெண்களுமே. (நோபல் பரிசு 1983-இல் வலேசாவுக்குச் சென்றது. வாயிலை அடைத்த கைகளை உலகம் எளிதில் மறந்தது.) அதே திங்கள் 31-இல் அரசு பணிந்தது. கட்சியின் பிடியில் இல்லாத தொழிற்சங்கம் பிறந்தது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அதில் சேர்ந்தனர். அதன் பெயருக்கு 'ஒருமைப்பாடு' என்பதே பொருள். 1981 திசம்பர் 13-இல் படையாட்சி வந்தது; மூன்றே நாளில் ஊயெக்குச் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளர் சுட்டு வீழ்த்தப்பட்டனர். ஆயினும் 1989 தேர்தலில் மக்கள் அவ்வாட்சியை வீட்டுக்கு அனுப்பினர்.

இஃது எங்கோ குளிர்நாட்டுக் கதை என வடசேரியிலும் கோட்டாற்றிலும் இருந்துகொண்டு நாம் ஒதுக்கிவிட இயலுமா? 1954 ஆகத்து 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தாய்த்தமிழகத்தோடு இணையக் கேட்ட தமிழரைச் சுட்டது யாருடைய ஆட்சி? சமன்மை பேசிய பிரசா சோசலிசுட்டுக் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை ஆட்சி. அக்கட்சியின் பொதுச்செயலாளர் இராம் மனோகர் லோகியாவே தம் கட்சி அமைச்சரவை பதவி விலகவேண்டும் என்றார். அமைச்சரவை விலகவில்லை, லோகியாதான் பின்னர் கட்சியை விட்டு வெளியேற நேர்ந்தது.

அதே 1954 சூலையில் நேசமணியார் தடையை மீறித் தேவிகுளம் பகுதிக்குச் சென்று தளைப்பட்டார். தேயிலைத் தோட்டத் தமிழரின் தேவிகுளமும் பீர்மேடும் அன்று நாம் கேட்ட மண். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் நமக்குக் கிடைத்தன. அவ்விரு வட்டங்களும் கேரளத்தோடு நின்றுவிட்டன. அடுத்த ஆண்டே அங்குப் பொதுவுடைமைக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1958 சூலையில் கொல்லத்தை அடுத்த சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிலாளர் இருவர் காவலர் குண்டுக்கு இரையாயினர். அக்தோபரில் மூணாற்றுத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திலும் இருவர் மாண்டனர். தொழிலாளர் நிகராட்சி பேசிய வாய்கள் அன்று சொன்ன அமைவுரைகளை முதலாளிகளும் சொல்லக் கூசியிருப்பர்.

மூணாறு அதனை மறக்கவில்லை போலும். 2015 செபுதம்பரில், போனசு என வழங்கும் மிகையூதியம் 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டபோது, நாட்கூலி 232 உருபா பெற்ற தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் அமர்ந்தனர். கொச்சி – தனுக்கோடி நெடுஞ்சாலை அடைபட்டது. அப்போது கேரளத்தை ஆண்டது பேராயக் கட்சிக் கூட்டணியே. ஆயினும் அப்பெண்கள் முதற்கண் விரட்டியது எல்லாக் கட்சித் தொழிற்சங்கத் தலைவர்களையும். மார்க்சியக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினரும் அதற்கு விலக்கில்லை. நிருவாகத்தோடு கைகோத்துத் தங்களை விற்றார்கள் என்பதே அவர்தம் குற்றச்சாட்டு. ஆடவரையும் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். நேரில் வந்து தங்களோடு தரையில் அமர்ந்த முதியவர் அச்சுதானந்தனை மட்டும் ஏற்றுக்கொண்டனர்; ஆக, கொள்கையின்மேல் அவர்களுக்குப் பகையில்லை. ஒன்பது நாளில் 20 விழுக்காட்டை மீட்டனர். நாட்கூலி 500 கேட்டார்கள். பின்னர் 301 கிடைத்தது.

அவர்கள் தம் அமைப்புக்கு இட்ட பெயர் 'பெம்பிளை ஒருமை'. போலந்து மொழியை அவர்கள் எங்கே கற்றார்கள்? ஒருமை என்பது நம் சொல்.

பின்னர் அவ்வமைப்புப் பிளவுண்டது என்பதும் மெய்யே. கட்சிகள் தனித்தனியே அழைத்தன. சிலர் சென்றனர், சிலர் திரும்பினர். மலையின் நிலைமை மட்டும் மாறவில்லை. 2020 ஆகத்து 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத்து வரிசை வீடுகளின்மேல் வீழ்ந்தது. எழுபது தமிழுயிர்கள் புதைந்தன. தலைமுறை தலைமுறையாய் உழைத்த அவர்கள் குடியிருந்த அவ்வீடுகளுள் ஒன்றுகூட அவர்களுக்கு உரியதன்று.